தீட்டுக்குக் கேட்ட தேதி

எங்கள் வீட்டில் என் தேதி எல்லோருக்கும் தெரியும். அத்தைக்குத் தெரியும். நாத்தனாருக்குத் தெரியும். பொங்கலுக்கு முளைப்பாரி தூக்க ஆள் கணக்கெடுக்கும் எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்குக்கூடத் தெரியும். "ஒனக்கு இந்தவாட்டி பத்தாந்தேதி வாக்குலதான வரும், அப்ப சாமி கும்புடுக்கு எடைஞ்சல் இல்லையே?" என்று வாசலில் நின்று கேட்பார். வீட்டில் யாராவது சபரிமலைக்கு மாலை போட்ட வருடம் என்றால் கணக்கு இன்னும் கறாராகிவிடும். எந்த வாளியைத் தொட்டேன், எந்தக் கொடியில் துணி காயப்போட்டேன் என்பது வரை விசாரணை உண்டு. 13 வயதில் குச்சுக்குள் உட்காரவைத்த நாளில் தொடங்கிய கணக்கு. 36 வருடமாக என் உடம்பின் நாட்காட்டியை ஒரு தெருவே பார்த்துவந்திருக்கிறது.

இதில் 25 வருடமாக நான் மனநல மருந்து சாப்பிடுகிறேன். மதுரை, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று நான் பார்த்த மருத்துவர்களை எண்ண இரண்டு கை விரல் போதாது. தூக்கம் எப்படி, பசி எப்படி, காதில் குரல் கேட்கிறதா, யாரும் உங்களைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கிறதா, எல்லாம் கேட்டார்கள். 46 வயதுப் பெண்ணொருத்தி எதிரே உட்கார்ந்து, "முன்ன மாதிரி இல்ல டாக்டர், உள்ளுக்குள்ள என்னமோ கலைஞ்சு போச்சு" என்று சொன்னபோது, கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. தீட்டுக்குத் தேவைப்பட்ட தேதி வைத்தியத்துக்குத் தேவைப்படவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். மாத்திரை சாப்பிடாததால் வந்த கோபமோ என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு: நேற்று ராத்திரியும் சாப்பிட்டாயிற்று.

என் நோயின் பெயர் பைபோலார். இருமுனை மனநிலைக் கோளாறு என்று தமிழில் எழுதுகிறார்கள். சில வாரம் மனசு மேலே ஏறும். தூக்கம் வேண்டாம், பேச்சு நிற்காது, பணம் தண்ணீராய்ப் போகும். பிறகு இறங்கும், எழுந்து பல் விளக்குவதற்கே மத்தியானம் ஆகிவிடும். 2000இல் மகன் பிறந்த 12ஆம் நாள் எனக்கு முதல் தடவையாக வந்தது. "பச்ச ஒடம்புக்காரிக்குச் சன்னி கண்டிருச்சு" என்றார்கள். விடியக்கருக்கலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க் கரையில் நின்றேனாம். எனக்கு நினைவில்லை. கோடாங்கி பார்த்தார்கள், கயிறு கட்டினார்கள். அடுத்த வருடம், ஏர்வாடியில் கொண்டுபோய் விட்டுவரலாம் என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை, அதே ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். அந்த வாரமே என்னை மதுரைக்குக் கூட்டிப்போனார். அங்கே லித்தியம் எழுதினார்கள். சில வருடத்தில் நிலைப்பட்டேன், ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் கோன் வைண்டிங்கில் வேலைக்குச் சேர்ந்தேன், மம்சாபுரத்திலிருந்து மில் வண்டியில் போய்வந்தேன், மகனைப் படிக்கவைத்தேன். லித்தியத்தைப் பற்றி யாராவது இழித்துப் பேசினால் எனக்குப் பொறுக்காது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நோய் எனக்கு வந்த வாசல் பிரசவம். பிள்ளை பிறந்த சில நாளில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மலை உச்சியிலிருந்து விழுவதுபோல் விழுகிறது. பைபோலார் உள்ள பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள் மிகவும் ஆபத்தானவை என்பது மனநல மருத்துவத்தில் பாலபாடம். என் பழைய சீட்டின் முதல் வரியிலேயே அது இருக்கிறது. ஹார்மோன் சரிந்தபோது ஒரு தடவை கவிழ்ந்த பெண், அடுத்த பெரிய சரிவு வரும் வயதில் மறுபடி ஆட்டம் காணலாம் என்று ஊகிக்க எம்.டி. படிப்பு தேவையா? சீட்டைப் புரட்டினாலே போதும்.

46இல் தூக்கம் போனது. ராத்திரி 2 மணிக்கு நெஞ்சிலிருந்து தீ எழுந்து கழுத்துக்கு ஏறும், ஜாக்கெட் தொப்பலாகும், பத்து நிமிஷத்தில் குளிரும். மாதவிடாய் ஒருமுறை 22 நாளில், அடுத்தமுறை 50 நாளில். சும்மா அரிசி களையும்போது அழுகை. பல வருடம் நன்றாக இருந்ததால் லித்தியத்தைக் குறைத்திருந்த சமயம் அது. பக்கத்தில் ஒரு பொது மருத்துவரிடம் போனேன். மதினி துணைக்கு வந்திருந்தாள். மதினிக்கு முன்னால் மனநல மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது என் தப்பு, எழுதிவைக்கிறேன். ஆனால் அவரும் கேட்கவில்லை. சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, இரண்டே கேள்வி. "இந்த வயசுல எல்லாப் பொம்பளைகளுக்கும் வர்றதுதாம்மா" என்று மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை எழுதினார். பைபோலார் உள்ளவருக்கு, மனநிலையைப் பிடித்துவைக்கும் மருந்து போதுமான அளவில் இல்லாதபோது மனச்சோர்வு மாத்திரை கொடுத்தால் அது மேனியாவைத் தூண்டிவிடலாம்.

மூன்றே வாரம். நான் செயினை அடகுவைத்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் 15 கிலோ பால்கோவா வாங்கி, ராத்திரி ஷிஃப்டுக்கு எல்லாம் கொடுக்கிறேன் என்று மில் வாசலுக்குப் போய்விட்டேன். வாட்ச்மேன் நாற்காலி மேல் ஏறி நின்று பேசினேன். கழிப்பறைக்குப் போக நிமிஷக் கணக்குப் பார்ப்பது, தூரமான நாளிலும் எட்டு மணி நேரம் நிற்கவைப்பது, ஓவர்டைம் காசு. என் வீட்டுக்காரரும் மச்சானும் வந்து ஆட்டோவில் ஏற்றினார்கள். ரிங் பிரேம் பிள்ளை ஒருத்தி, "அக்கா சொல்றது வாஸ்தவந்தான?" என்று பக்கத்தில் நின்றவளிடம் கேட்டது மட்டும் காதில் இருக்கிறது. பேசியதில் பொய் ஒன்றும் இல்லை. வேலை போயிற்று.

அடுத்த வருடம் ரத்தப்போக்கு. ஒரு நாளைக்கு எட்டுத் துணி. மகப்பேறு மருத்துவரிடம் இந்தத் தடவை சொன்னேன். மனநலச் சீட்டையும் நீட்டினேன். "அதெல்லாம் அந்த டாக்டர் பாத்துக்குவாரும்மா" என்று பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார். ரத்தம் நிற்கவும் வலி குறையவும் கொடுத்த மாத்திரையில் டிரானெக்ஸமிக் அமிலத்தோடு மெஃபனாமிக் அமிலமும் இருந்தது. நம் ஊரில் வயிற்றுவலிக்குப் பெண்கள் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிற அதே சரக்கு. சித்திரை வெயில் வேறு. ஐந்தாம் நாள் டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை உதறியது. நடந்தால் குடித்தவர்போல் தள்ளாட்டம், வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குக் குழறல். "திரும்ப ஆரம்பிச்சிருச்சு" என்றார் அத்தை. மனநல மாத்திரையில் இன்னொன்று சேர்த்துக் கொடுத்துப் படுக்கவைப்போம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மகன்தான் ரத்தம் எடுக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். லித்தியம் அளவு 1.9. இருக்கவேண்டியது 0.6இலிருந்து 1.0 வரை. எனக்குக் கண்டிருந்தது பைத்தியமில்லை, விஷம்.

இதை விளக்கிச் சொல்வது அவசியம், ஏனென்றால் இதைப் படிக்கும் யாரோ ஒருத்தியின் டப்பாவிலும் இரண்டு மாத்திரையும் இருக்கும். லித்தியம் கல்லீரலில் கரைந்துபோகும் மருந்து இல்லை. உப்பைப்போலவே சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. மெஃபனாமிக், டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்தின் அந்த வேலையை மந்தப்படுத்துகின்றன. பிரஷருக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் அப்படித்தான். வேர்வையில் நீரும் உப்பும் போனால், விரதமிருந்து தண்ணீர் குறைந்தால், பிரஷருக்குப் பயந்து திடீரென உப்பைக் குறைத்தால், உடம்பு லித்தியத்தை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு 47 வயதுப் பெண்ணின் வாழ்க்கையில் இவை ஒவ்வொன்றும் தினசரி நடப்பது. ராத்திரி வேர்வை, மூட்டுவலி, ரத்தப்போக்கு, புதிதாக வந்த பிரஷர், ஆடி வெள்ளி விரதம். லித்தியம் சாப்பிடுகிற பெண்ணுக்கு இந்த வயதில் அளவைக் கூடுதலாகப் பார்க்கவேண்டும் என்று இதற்கு மேலும் ஒரு காரணம் வேண்டுமா? இன்னொன்றும் இருக்கிறது. லித்தியம் தைராய்டை மந்தமாக்கும், பெண்களுக்கே அது அதிகம். உடம்பு ஊதல், அசதி, முடி கொட்டுதல், மந்தம். "மெனோபாஸ்தான்" என்று சொல்லிவிட்டால் தைராய்டைப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

மாதவிடாய் நிற்பது என்றால் குழாயை மூடுவதுபோல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. 12 மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. இந்தியப் பெண்களுக்கு அது சராசரியாக 46, 47 வயதில் நடக்கிறது, மேல்நாடுகளில் 51. அதற்கு முந்தைய சில வருடங்களுக்குத்தான் பெரிமெனோபாஸ் என்று பெயர். அந்தக் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் சீராக இறங்குவதில்லை. ஏறும், விழும், மறுபடி ஏறும். அது மூளையில் செரட்டோனின், டோபமைன் வேலையோடு பின்னிக் கிடக்கிற ஹார்மோன். போதாததற்கு ராத்திரி வேர்வை தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால் மேனியா வரும் என்பது பைபோலாருடன் வாழ்கிற எவருக்கும் அனுபவப் பாடம்.

2024இல் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனில் 1,28,294 பெண்களின் விவரங்களை அலசினார்கள். அதுவரை பெரிய மனநோய் எதுவும் வராதிருந்தவர்களிலும், கடைசி மாதவிடாயை ஒட்டிய நான்கு வருடங்களில் முதல்முறையாக மேனியா வருவது இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. மனச்சோர்வு 30 சதவீதம் கூடியது. அது அவர்கள் நாட்டுப் பெண்களின் கணக்கு, மூன்று ஷிஃப்ட் மாறிமாறி நிற்கிற மில் பெண்கள் அதில் இல்லை, சரி. அதற்காக நம் ஊர் உடம்பு வேறு ரசாயனத்தில் செய்யப்பட்டதா? ஏற்கெனவே பைபோலாரோடு இருக்கிற நம்மிடம் ஒரு தேதி கேட்க, இன்னும் எத்தனை லட்சம் பேரைக் கணக்கெடுத்துக் காட்டவேண்டும்?

ஹார்மோன் சிகிச்சை பற்றிக் கேட்டேன். "மனநோயாளிக்கு அதெல்லாம் கொடுக்கமாட்டோம்" என்றார் ஒருவர். ஏன் என்றதற்குப் பதில் இல்லை. 2002இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு மார்பகப் புற்றுநோய் அபாயத்தைச் சொன்னதிலிருந்து ஹார்மோன் மாத்திரை என்றாலே பயம். பின்னால் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் தொடங்குகிறவர்களுக்கு லாப நஷ்டம் வேறு என்று தெரிந்தது. எனக்கு அது ஒத்துவராமல் போகலாம். குடும்பத்தில் புற்றுநோய் இருக்கிறதா, ரத்தம் கட்டுமா என்று பார்க்கவேண்டியிருக்கும். லாமோட்ரிஜின் சாப்பிடுகிறவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும். அதைப் பார்த்து டோஸ் மாற்றவேண்டும். இதற்கெல்லாம் இரண்டு மருத்துவர்கள் ஒருவருக்கொருவர் ஒரு போன் செய்யவேண்டும். என் விஷயத்தில் அந்த போன் வரவே இல்லை. மகப்பேறு பிரிவுக்கு நான் பைத்தியம், மனநலப் பிரிவுக்குக் கர்ப்பப்பை இல்லாத தலை.

ஆனால் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று சொல்ல மட்டும் எல்லோருக்கும் தைரியம் இருந்தது. மருத்துவமனையில் சொன்னார்கள், வீட்டில் சொன்னார்கள். "எடுத்துட்டா ரத்தமும் நின்னுரும், கோவமும் நின்னுரும்" என்றாள் நாத்தனார். பாவம், அவளுக்கு 34 வயதிலேயே எடுத்துவிட்டார்கள். ஹிஸ்டீரியா என்ற சொல் கர்ப்பப்பைக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் பெண்ணுக்குப் பைத்தியம் அடிவயிற்றிலிருந்துதான் ஏறுகிறது என்ற அந்த 2,000 வருடத்து நம்பிக்கை மம்சாபுரம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்தால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் நிற்கும். ஏணியில் இறங்கவேண்டியவளை மாடியிலிருந்து தள்ளிவிடுவது அது. பைபோலார் உள்ளவளுக்கு அதன் அர்த்தம் என்ன என்று யாரும் யோசிக்கவில்லை.

இந்த நாட்டில் பெண்ணின் கர்ப்பப்பை மற்றவர்களின் வசதிக்காகவே எடுக்கப்பட்டிருக்கிறது. 1994இல் மகாராஷ்டிரத்தில் சிரூர் அரசு விடுதியில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்குப் புனேயில் கர்ப்பப்பையை அகற்றினார்கள். மாதவிடாய்ச் சுத்தத்தை அவர்களால் பார்த்துக்கொள்ள முடியாது என்பது சொன்ன காரணம். பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. அதே மாநிலத்தில் பீட் மாவட்டத்தில், 2019இல் அரசுக் குழு 82,000க்கும் மேற்பட்ட கரும்பு வெட்டும் பெண்களைக் கணக்கெடுத்தபோது 13,000க்கும் மேற்பட்டோருக்குக் கர்ப்பப்பை இல்லை. மாதவிடாய் நாளில் வேலை நின்றால் கூலி போகும், அபராதம் விழும். தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்க மாநிலங்கள் வழிகாட்டு நெறிகளைப் பின்பற்றவேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. மனநோய்க்குச் சிகிச்சையாகக் கருத்தடை செய்யக்கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு சொல்கிறது. கர்ப்பப்பை அகற்றல் வேறு, கருத்தடை வேறு என்று வக்கீல் வாதாடலாம். என் வீட்டுத் திண்ணையில் நடந்த பேச்சில் இரண்டுக்கும் நோக்கம் ஒன்றுதான். நான் மறுத்தேன். மறுத்ததற்கும் "நோய் பேசுது" என்றார்கள்.

கோபத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பைபோலார் உள்ள பெண்ணுக்குத் தன் கோபம் சொந்தமில்லை. ஒரு நாள் வீட்டுக்காரர் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் போட்டதற்குச் சத்தம் போட்டேன். "மாத்திர போட்டியா?" என்றார். 46க்குப் பிறகு அதோடு இன்னொரு பூட்டும் சேர்ந்தது: "மாதவிடாய் நிக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும்." இரண்டு பூட்டுக்கும் சாவி அவர்களிடம். சில கோபம் உண்மையிலேயே நோய்தான். அது எனக்கே தெரியும். பேச்சின் வேகத்தில் தெரியும், தூங்காமலே களைக்காத உடம்பில் தெரியும். நன்றாகத் தூங்கி எழுந்து, நிதானமாக, அதே தட்டைப் பார்த்து மறுநாளும் எனக்குக் கோபம் வந்தது.

இப்போது நம் தோழர்களிடம் ஒரு சண்டை. கூட்டங்களில் சிலர் சொல்கிறார்கள்: மனநோய் என்பதே பெண்ணை அடக்க ஆணாதிக்கம் ஒட்டிய சீட்டு, மெனோபாஸ் என்பது விடுதலை, மருந்துக் கம்பெனிகள் அதை நோயாக்கிவிட்டன. பெண்ணியமும் மனநலமும் பற்றி இந்தியாவில் ஆழமாக எழுதியவர் பார்கவி தாவர். 2024இல் இறந்துபோனார். மனநோய் விடுதிகளில் அடைபட்ட தன் தாயின் பெயரால் புனேயில் பாபு டிரஸ்ட் நடத்தியவர். கட்டாயச் சிகிச்சைக்கு எதிராக அவர் சொன்னதில் பெரும்பகுதி எனக்குச் சம்மதம். ஏர்வாடி வரை போய்த் திரும்பியவள் நான். ஆனால் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு, "அந்த லித்தியத்த விட்டுப் பாருங்களேன் தோழர்" என்று டீ குடிக்கிற நேரத்தில் எனக்கு யோசனை சொல்கிறவர்கள், கண்மாய்க் கரையில் பிள்ளையோடு நிற்கப்போவது நான்தான் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். எனக்கு மருந்து குறைவாக வேண்டாம். கவனிப்போடு வேண்டும். மருத்துவத்தை விட்டு வெளியேறும் சுதந்திரத்தைவிட, அதற்குள் முழு உடம்போடு நுழையும் உரிமை எனக்கு அவசரம். விடுதலை வரட்டும். அதுவரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்த அளவு பார்க்கவேண்டியிருக்கிறது.

அதுவும் லேசில்லை. கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால்தான் அளவு சரியாக வரும். ராத்திரி 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணிக்கு ஊசி. பஸ் பிடித்துப் போனால், லேப்பில் சாம்பிளை மதுரைக்கு அனுப்புவார்கள், ரிசல்ட் வர மூன்று நாள். விஷம் ஏறுகிறவளுக்கு மூன்று நாள் என்றால் என்ன கணக்கு? தாலுகா மருத்துவமனை எல்லாவற்றிலும் லித்தியம் அளவு அன்றே தெரியவேண்டும், கிரியாட்டினினும் தைராய்டும் கூடவே பார்க்கவேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. இரண்டாவதுக்குச் செலவே இல்லை. மனநலச் சீட்டில் ஒரு வரி: கடைசி மாதவிடாய் தேதி. மகப்பேறுச் சீட்டில் ஒரு வரி: மனநல மருந்து உண்டா, எது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர், பிரஷர் மாத்திரையோடு வீடு தேடி வருகிற பெண்களிடம் இந்த இரண்டு கேள்வியையும் கொடுத்தனுப்பலாம். ஆண் மருத்துவர் கேட்கச் சங்கடப்படுகிற தேதியைச் சொல்ல நமக்கு அவர்களிடம் சங்கடம் இருக்காது.

நாட்டுக்கே காலண்டர் அடிக்கிற சிவகாசி இருக்கும் மாவட்டம் இது. ராகு காலம், எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம் என்று ஒவ்வொரு நாளையும் கூறுபோட்டு அச்சடித்து அனுப்புகிறோம். எங்கள் வீட்டில் மளிகைக் கடையில் கொடுத்த தினசரிக் காலண்டர் தொங்குகிறது. காலையில் தாளைக் கிழித்ததும் முன்பு கசக்கிப் போடுவோம். இப்போது அதன் வெள்ளைப் பின்பக்கத்தில் நான் எழுதுகிறேன்: எத்தனை மணி நேரம் தூங்கினேன், எத்தனை தடவை வேர்த்தது, ரத்தம் உண்டா இல்லையா, வலி மாத்திரை ஏதும் போட்டேனா, மனசு மேலேயா கீழேயா. கடைசியில் ஒரு வார்த்தை, கோபம் வந்திருந்தால் எதற்கு என்று. துணி காயப்போடும் கிளிப்பில் மாதவாரியாகக் கோத்து வைத்திருக்கிறேன்.

போன மாதம் புதிதாக வந்த மனநல மருத்துவரின் மேஜையில் ஆறு மாதக் கட்டை எடுத்து வைத்தேன். சின்ன வயசுப் பெண். முதலில் ஜோசியத்துக்குக் கொண்டுவந்தேனோ என்று பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகப் புரட்டினார். ரத்தம் வருவதற்கு முந்தின வாரங்களில் தூக்கம் 4 மணி நேரமாகக் குறைவதை அவரே விரல் வைத்துக் காட்டினார். வெளியே வரிசையில் 40 பேர் இருந்தார்கள், நர்ஸ் இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள்.

"கடைசியா எப்பம்மா?" என்று கேட்டார்.

"74 நாளாச்சு டாக்டர்" என்றேன்.

சீட்டில் அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டார்.